ஓநாயாகப் போன சம்பந்தி

எங்கள் மகள் கட்டியது ஓர் அயர்லாந்துக்காரனை. அதனால் நியூசிலாந்தின் பாபகூராவில் எங்களுக்கு வெள்ளைக்காரச் சம்பந்திகள். நாங்கள் போகும்போதெல்லாம் மருமகனின் தகப்பன் தானே தேநீர் போட்டுத் தந்து, தன் ஊர்க் கதைகளைச் சொல்லுவார். எனக்குப் பிடித்தது ஓநாய்க் கதைதான். அவருடைய ஊரில் சிலர் உடம்பை வீட்டில் படுக்கவைத்துவிட்டு ஓநாயாகி வெளியே போவார்களாம். ஆட்டைத் தின்பார்களாம், ஆனால் வழி தவறிய மனிதரைத் தொடமாட்டார்கள், காவலுக்குக் கூட வருவார்களாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: அவர்கள் திரும்பும்வரை அந்த உடம்பை யாரும் அசைக்கக் கூடாது. அசைத்தால் பிறகு உள்ளே வர முடியாது.

பின்னர் அவருக்கு மறதி நோய் வந்தது. மனைவியையே அடையாளம் தெரியாமல் அவர் விழிக்கும் நாட்களில் சம்பந்தியம்மா, "இன்றைக்கு ஓநாயாகப் போய்விட்டார், வந்துவிடுவார்" என்பார். நான் அதைப் பகிடி என்றே நினைத்தேன்.

ஒருநாள் பிற்பகல் எங்களைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சம்பந்தியம்மா மருந்து வாங்கப் போனார். மனுசன் நல்ல உறக்கம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"இஞ்சேருங்கோ, தலை வடக்குப் பக்கமாக் கிடக்கு. பிறகெப்பிடி ஞாபகம் நிக்கும்?"

என் கணவர் போனில் திசை பார்த்தார். "ஓம், வடக்குத்தான். ஆனா நாங்கள் உலகத்தின்ரை அடியிலையெல்லோ நிக்கிறம். எங்கடை வடக்கு இஞ்சை செல்லுமோ?"

"கதையாமல் கட்டிலைப் பிடியுங்கோ."

சில்லு வைத்து உருட்டுகிற கட்டில். அவர் எழும்பாமலே தலை கிழக்கே வரும்படி திருப்பிவிட்டோம். பாராட்டுக் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

சம்பந்தியம்மா மருந்துப் பையோடு வாசலில் நின்றார். முகம் வெளிறிவிட்டது. "அவரை நகர்த்திவிட்டீர்களா? இனி எப்படித் திரும்பி வருவார்?" என்று கேட்டு அழுதார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வடக்குக்குப் பயந்து கட்டிலைத் தள்ளியவள் ஓநாயைப் பார்த்துச் சிரிக்கலாமா? அந்த மனுசிக்கு இருந்த ஒரே நம்பிக்கையில் நான் கை வைத்துவிட்டேன். கம்பளத்தில் சில்லுகள் பதிந்த நான்கு பள்ளங்கள் அப்படியே இருந்தன. மூவருமாகத் தள்ளி, நான் முழங்காலில் இருந்து ஒவ்வொரு சில்லாகப் பள்ளத்துக்குள் இறக்கினேன்.

அந்தக் குலுக்கலில் அவர் கண் திறந்தார். எங்களை வெறித்துப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, செல்லப் பெயர் சொல்லி, "ஏன் அழுகிறாய்?" என்று கேட்டார்.

அது போன வருடம். இப்போது அவர் திரும்பி வருகிற நாட்கள் மிகக் குறைவு. ஆனாலும் அந்த வீட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றியதும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த நான்கு பள்ளங்களைத்தான்.