கேஜன் கோழியும் கற்பூரவல்லியும்

தை மாதக் கடைசியில் மிளகு பறிக்கும்போது என் மனைவி ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். உயரத்திலிருந்து விழவில்லை. கடைசி இரண்டு படி பாக்கி இருந்தபோது, தரைக்கு வந்துவிட்டதாக நினைத்துக் காலை எடுத்துவிட்டாள். நாமக்கல்லில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்குப் பரீட்சை நேரம். அதனால் எங்கள் வீட்டுச் சமையல் என் பொறுப்புக்கு வந்தது.

நான் சமையல் தெரியாதவன் இல்லை. கடலுக்கு நடுவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல் ஒன்றில் பதினொரு வருடம் சமையல் வேலை பார்த்தவன். நூறு பேருக்கு மேல் மூன்று வேளையும் ஆக்கிப் போட்டிருக்கிறோம். ஆனால் அங்கே என் கைக்கு வந்ததெல்லாம் ரொட்டி, முட்டை, வேகவைத்த காய், சுட்ட இறைச்சி. சாம்பார் வைக்க வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. விடுமுறையில் ஊருக்கு வரும்போது இவள் என்னை அடுப்புப் பக்கம் விட்டதில்லை. போன ஐப்பசியில் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டுக்கே வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகும் சமையலறை அவளுடையதாகவே இருந்தது.

இப்போது அது என் கையில் கிடைத்ததும் கப்பலில் செய்த மாதிரியே செய்தேன். முதல் நாளே டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, உயரவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதினேன். கடுகு, சீரகம், வெந்தயம், சாமை அரிசி. கத்திகளைச் சுவரில் மாட்டினேன். அவள் வாசற்படியில் நின்று கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்குதுங்க என்றாள்.

பத்து நாள் என் சமையலைச் சாப்பிட்டாள். சாம்பார் தண்ணீராக இருந்தது, ரசம் சாம்பார் மாதிரி இருந்தது. அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று எதையும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் குறை சொல்லவில்லை. நாளுக்கு நாள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டுவிட்டு வாசலில் காயும் மிளகுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு உண்மையாகவே நன்றாகச் செய்ய வரும் ஒரு சாப்பாட்டைச் செய்து போட்டுவிடலாம் என்று காலையிலேயே தீர்மானித்தேன். எங்கள் கப்பலின் தலைமைச் சமையல்காரர் அமெரிக்காவில் லூசியானாப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்துக் கேஜன் சமையலில் ஒரு கோழி உண்டு. கோழியைப் பொரித்து எடுத்து, அதே எண்ணெயில் மாவைச் சிவக்க வறுத்துக் குழம்பாக்கி, அதில் கோழியைப் போட்டு மூடி, சிறு தீயில் அப்படியே அமுங்கி வேகவிட வேண்டும். சோற்றின் மேல் ஊற்றித்தான் சாப்பிடுவார்கள். குழம்புச் சோறுதானே, இவளுக்குப் பிடிக்காமல் போகாது என்று கணக்குப் போட்டேன்.

செம்மேட்டுக்கு வண்டியில் போய்க் கோழியும் குடைமிளகாயும் மைதாவும் வாங்கி வந்தேன். கோழித் துண்டுகளில் உப்பு, மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு, எங்கள் தோட்டத்து மிளகு எல்லாவற்றையும் பிசறி ஊறவைத்தேன். கனமான இரும்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் தோல் பக்கம் கீழே படும்படி நாலு நாலு துண்டாகப் போட்டுப் பொரித்தேன். பொரித்ததைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு எண்ணெயில் மைதாவைக் கொட்டினேன். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். கரண்டியை நிறுத்தாமல் கிண்டினால் மாவு வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கருப்பட்டி நிறத்துக்கு வரும். ஒரு நிமிடம் கை நின்றாலும் தீய்ந்துவிடும்.

மாவு பழுப்பாகிக்கொண்டிருந்தபோது அலமாரியில் இருந்த அவளுடைய போன் அடித்தது. அவள் கொல்லைப் பக்கம் இருந்தாள். ஒரு கையால் கிண்டிக்கொண்டே மறு கையால் எடுத்தேன். பேளுக்குறிச்சியில் இருக்கும் அவளுடைய அண்ணன்.

"மாப்ள, அடிவாரத்துல காரவள்ளி தாண்டிட்டேனுங்க. அம்மிணியத் துணிமணி எடுத்து வெச்சுட்டுத் தயாரா இருக்கச் சொல்லுங்க. மத்தியானமே கெளம்பிரலாம்."

எங்கே கிளம்புவது என்று கேட்டேன்.  கை சரியாகும்வரை அவர் வீட்டில் வந்து இருப்பதாகத் தங்கை முந்தாநாளே போன் செய்ததாகவும், என்னிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்ததாகவும் சங்கடத்தோடு சொன்னார். சரி மச்சான், பார்த்து வாங்க என்று போனை வைத்தேன். அப்போதுதான் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. கரண்டி எப்போது நின்றதோ, சட்டியில் மாவு கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது.

வாசம் பிடித்து அவளே உள்ளே வந்தாள். நான் சட்டியை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பேசினார், காரவள்ளி தாண்டிவிட்டாராம் என்று மட்டும் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

 காலையில் எழுந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்றாள். சாப்பாடு அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு என்னங்க, எப்படியோ உள்ள போவுது. நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கறதில்லீங்க. புளி எங்க இருக்குதுன்னு கேக்கறதில்ல, உப்புப் பத்துமான்னு கேக்கறதில்ல. எல்லாத்துலயும் பேரு எழுதி ஒட்டிப்புட்டீங்க. இருவது வருசமா நான் பொழங்குன ஊட்டுல விருந்தாளியாட்டம் உக்காந்துட்டு இருக்கறேன். அதுக்கு அண்ணன் ஊட்டுலயே விருந்தாளியா இருந்துக்கறேன்."

 அவளைச் சிரமப்படுத்தாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று பத்து நாளாக உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். தேய்த்த சட்டியைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குள் நின்றேன். அடுப்பைப் பற்றவைத்தேன். எண்ணெய் ஊற்றினேன். பிறகு, போகிறதாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போ, ஆனால் இதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது என்றேன்.

சந்தேகம் பொய்யில்லை. வெங்காயம், குடைமிளகாய், செலரித்தண்டு மூன்றும்தான் அந்த ஊர்ச் சமையலுக்கு அடிப்படை. செலரி இங்கே கிடைக்காது. அதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவளிடம் சொன்னேன். அது எப்படி இருக்கும் என்று கேட்டாள். தண்டு நீர்ப்பாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும், லேசாக ஓம வாசம் அடிக்கும் என்றேன்.

யோசித்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் கற்பூரவல்லி படர்ந்திருக்கிறதே, அதில் நாலு இலை போதும், அதற்கு மேல் போட்டால் மருந்து மாதிரி ஆகிவிடும், நறுக்கென்று இருப்பதற்குக் கொத்தமல்லித் தண்டைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள் என்றாள். சொன்னதோடு நிற்காமல் தானே போய் இடது கையால் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். நாலு என்று சொன்னவள் கையில் ஐந்து இருந்தது. ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மணைப் பலகையை இழுத்துப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்த முறை மாவு கருப்பட்டி நிறத்துக்கு வரும்வரை கரண்டியை நிறுத்தவில்லை. நிறம் வந்ததும் காய்களைக் கொட்டினேன். சட்டி சீறி அடங்கியது. வெங்காயம் குழைந்ததும் பூண்டும் கற்பூரவல்லியும் போட்டு, வெந்நீர் விட்டுக் கரைத்தேன். பொரித்த கோழியை அதில் அமுக்கி வைத்து மூடினேன். மூடி சரியாகப் பொருந்தாமல் ஆவி போனது. மேலே அம்மிக்குழவியை வைக்கச் சொன்னாள். வைத்ததும் அடங்கியது.

இனி ஒரு மணி நேரம் செய்வதற்கு ஒன்றுமில்லை. இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

மகள் ஆறு வயதில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த வாரம் கடலில் புயல். கரைக்கு ஆளைக் கூட்டிப்போகும் ஹெலிகாப்டர் வரவில்லை. நான் சமையலறையில் மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அந்த வேலையை நானேதான் கேட்டு வாங்கியிருந்தேன். அந்த லூசியானாக்காரருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. கதவளவு உடம்பு அவருக்கு. என் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு தட்டு சோற்றின் மேல் இந்தக் கோழியை ஊற்றிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் வெங்காயத்தை அவர் நறுக்கினார். அதற்கப்புறம் அவர் இதைச் செய்யும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதீங்களா?" என்றாள். "போன்ல, டாக்டர் சொல்றதக் கேட்டு நடந்துக்கன்னு ரெண்டு வார்த்த சொல்லிப்போட்டு வெச்சுட்டீங்க. இந்த மனுசனுக்கு மனசே இல்லையான்னு நான் நெனச்சேனுங்க."

அதற்கு மேல் பேசினால் குரல் உடைந்துவிடும் என்றுதான் அன்று போனை வைத்தேன். அதை இப்போது சொன்னேன். சொல்வதற்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சோறு வைத்தாகிவிட்டதா என்று கேட்டாள். வைக்கவில்லை. சாமை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றுக்கு இரண்டரை என்றாள்.

சாமை வெந்துகொண்டிருக்கும்போதே மச்சான் வந்துவிட்டார். மலைப்பாதையின் எழுபது வளைவும் பைக்கிலேயே ஏறி வந்ததில் காது சிவந்திருந்தது. என்னை நேராகப் பார்க்கத் தயங்கினார். போனில் அப்படி உளறிவிட்டோமே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருப்பார் போல. நான் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

மூடியைத் திறந்தபோது குழம்பு கெட்டியாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கோழி எலும்பிலிருந்து கழன்றுவரும் பதத்தில் இருந்தது. மூன்று தட்டில் சாமைச் சோறு போட்டு மேலே ஊற்றினேன். மச்சான் ரசம் இல்லாமல் சோற்றைத் தொடாதவர். முதல் வாய் வைத்துவிட்டு, இது குழம்பா வறுவலா என்று கேட்டார். இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளும்போது கேள்வி எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை தானே கரண்டியை எடுத்துக்கொண்டார்.

அவள் இடது கையால் கரண்டி பிடித்து மெதுவாகச் சாப்பிட்டாள். நான் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உப்புச் சரியாக இருக்கிறது, மிளகு இன்னும் ஒரு கை விழுந்திருக்கலாம் என்றாள். பதினோரு நாளில் என் சமையலைப் பற்றி அவள் சொன்ன முதல் குறை அதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மச்சான் துணிப்பை எங்கே என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் அது தயாராகத்தான் இருந்தது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள்.

"நான் இங்கயே இருந்துக்கறனுங்கண்ணா. இவருக்குச் சொல்லிக் குடுக்க ஆளு வேணும். கட்டுப் பிரிச்சதும் வாரேன்."

இதுக்கு நான் காலைல இருந்து மலை ஏறணுமா சாமி என்று சிரித்தார் அவர். உள்ளுக்குள் அவருக்கும் நிம்மதி என்பது தெரிந்தது. மிச்சமிருந்த கோழியையும் குழம்பையும் தூக்குப்போசியில் ஊற்றி, அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். வெயில் சாய்வதற்கு முன் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலையில் டப்பாக்களில் ஒட்டியிருந்த காகிதங்களை உரித்தேன். சீரகத்தில் இருந்தது மட்டும் வரவில்லை. பாதி இன்னும் இருக்கிறது. அவள் மணைப் பலகையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். புளிக்குழம்பு நாலாவது தடவையில் வந்தது. ரசம் இன்றைக்கு வரைக்கும் அவள் அளவுக்கு வரவில்லை. சமைக்கும்போது பேச்சு எங்கெங்கோ போகும். கப்பலில் எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவேன், அலையில் தட்டு எப்படி நிற்கும், மழையில் கூரை ஒழுகியபோது அவள் யாரை அழைத்தாள், மகள் எப்போது சைக்கிள் ஓட்டினாள் என்று ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாதது நிறைய இருந்தது.

மச்சான் பத்து நாளில் மறுபடியும் போன் செய்தார். அவர் மனைவி அந்தக் கோழியைச் செய்து பார்த்தாளாம். மாவு கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டதாம். நேரில் வந்து செய்து காட்டாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது என்றார். கட்டுப் பிரித்த வாரமே இரண்டு பேரும் பஸ்ஸில் பேளுக்குறிச்சிக்கு இறங்கினோம். அவள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மண் போட்டுக் கற்பூரவல்லிக் கிளை ஒன்றை நட்டு மடியில் வைத்துக்கொண்டாள். வளைவு வரும்போதெல்லாம் சரியாமல் அதைக் கையால் அணைத்துக்கொண்டாள், குணமான வலது கையால். மைதாப் பையும் இரும்புச்சட்டியும் என் மடியில் இருந்தன.