கடைசி பெஞ்சின் பதில்

புதுக்கோட்டையில் நடந்த ஆசிரியர் பயிற்சியில், நான் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டை எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு வகுப்பறை; ஆடுபவர்தான் அதில் ஆசிரியர். பதில் வர வர மதிப்பெண் ஏறும், தாமதமானால் இறங்கும். கை தூக்கும் பிள்ளைகளையே கேட்டு எல்லோரும் மளமளவென்று முன்னேறினார்கள்.

மணமேல்குடிப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் மட்டும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் கடைசி பெஞ்சில் தலைகுனிந்திருந்த சிறுமியைக் கேட்டார். கேட்டதும் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்தது.

"வேற பிள்ளையைக் கேளுங்க டீச்சர், நேரம் போகுது" என்றேன்.

"இருங்க சார், அது யோசிக்குது. நாம அவசரப்பட்டா வாயைத் தெறக்காது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் அந்தச் சிறுமி எழுந்து நின்று பதில் சொன்னாள். காத்திருந்தால் அவள் பேசுவாள் என்று எழுதியவன் நான்தான். ஆனால் எந்தப் பயிற்சியிலும் ஒருவரும் அதுவரை காத்திருந்ததில்லை, நானே மறந்துபோயிருந்தேன்.

"பாத்தீங்களா, பேசிருச்சு!" என்றார், தன் பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கியதுபோல.

மதிப்பெண்ணில் அன்று அவர்தான் கடைசி. அந்த விளையாட்டை எழுதியவன் நான் என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றால், அதில் தோற்ற அவரால்தான்.