தென்னையடியில் விளாம்பழ ஜாம்

எனக்கு எழுபத்தாறு வயது. எட்டுப் பேரைப் பெற்று வளர்த்து, எட்டுப் பேரையும் கரைசேர்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் மூன்று வருடம்தான் போனேன். அதனால் என் எழுத்துகள் சந்தைச் சனம் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். கை நடுங்குகிறது என்று நினைத்துவிட வேண்டாம். கொதிக்கிற சட்டிக்குள் இரண்டு மணித்தியாலம் அகப்பை பிடித்த கை இது. நடுங்காது.

போன திங்கட்கிழமை வீட்டு வளவின் பின்பக்கம் புதுக் கக்கூசுக்குக் குழி வெட்ட ஒரு மேசன் வந்தார். தென்னையடியில் மூன்றாவது வெட்டிலேயே மம்பட்டி 'டங்' என்றது. பார்த்தால் ஒரு போத்தல். அடுத்த வெட்டில் இன்னொன்று. பிறகு கொத்தாக வந்தது. மேசன் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "மூத்தம்மா, உங்கட வளவுக்குள்ள கடை ஒண்டு புதைஞ்சி கிடக்கு!" என்றார்.

ஒரு போத்தல் உடைந்து மணம் எழும்பியது. கறுவா, கராம்பு, ஏலம், அடியில் விளாம்பழப் புளிப்பு. யாருடைய கை என்று கேட்கத் தேவையே இல்லை. மற்றப் போத்தல்களின் கழுத்தில் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த என் மனுசனின் பழைய சாரன் துணித் துண்டு, அதில் நான் மட்டும் போடுகிற இரட்டை முடிச்சு.

அந்த மணம் வந்தால் எனக்கு மாரி மழை வரப்போகிற நாட்கள்தான் நினைவுக்கு வரும். வரிப்பத்தான்சேனைப் பக்கமிருந்து சாக்கில் விளாம்பழம் வரும். நான் ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் போட்டுப் பார்ப்பேன். துள்ளினால் காய், துள்ளாமல் கிடந்தால் பழம். மனிதரையும் இப்படிப் போட்டுப் பார்க்க முடிந்தால் எவ்வளவு வசதி என்று அப்போதெல்லாம் நினைப்பேன். வாசற்படியில் அடித்து ஓட்டை உடைத்து, சதையைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, சீனி போட்டுக் கிண்டினால் அது கோபக்காரி மாதிரித் துப்பும். என் முழங்கையில் இருக்கிற தழும்பெல்லாம் அது துப்பியதுதான். ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டால் பரவாமல் குந்தியிருக்க வேண்டும். அதுதான் பதம்.

ருசி பார்ப்பதில்லை. மாப்பிள்ளைக்கு வைப்பதை முதலில் நாம் வாயில் வைக்கலாமா? மூக்காலேயே பார்த்துவிடுவேன். கராம்பு போதாது என்று மூக்குச் சொல்லும், ஒரு பிடி போடுவேன்.

மாப்பிள்ளை என்றது என் மூத்த மகளின் மாப்பிள்ளை. கணக்கு வாத்தியார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். நான் குசினிப் பக்கத்து அறைக்கு மாறினேன். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்கிற வழக்கம் அப்போது இல்லை. நடுவில் ஒரு சீலைத் திரை. அந்தப் பக்கம் அவர் பாண் ரொட்டி சாப்பிடுவார், இந்தப் பக்கம் நான் நிற்பேன், எட்டி எட்டித் தபால்காரி வேலை பார்ப்பவள் என் மகள்.

கலியாணத்துக்கு அடுத்த நாள் காலை கேட்டேன்: "புள்ள, ஜாம் எப்பிடியாம்?"

"நல்லா இரிக்காம் உம்மா."

"இன்னம் வேணுமாமா?"

மகள் திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "வேணுமாம்."

அவ்வளவுதான், இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வருடமும் அவருக்கென்று தனியாகப் பன்னிரண்டு போத்தல். பெருமையைக் கேட்காதீர்கள். கலியாண வீட்டில், மௌத்து வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே நான்கு பெண்கள் கூடினாலும், "என்ட மருமகனுக்கு என்ட ஜாம் இல்லாட்டி பாண் இறங்காது" என்று சொல்லாமல் நான் வீடு திரும்பியதில்லை.

இப்போது யோசித்தால் எல்லாமே கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. ஒருமுறை கரைவலைக்காரர் ஒருவர் வாசலுக்கு வந்து, "மாமி, உங்கட சாமான் வலையில பட்டிரிக்கி" என்று நனைந்த போத்தல் ஒன்றை நீட்டினார். சாரன் துண்டும் இரட்டை முடிச்சும் அப்படியே இருந்தன. மருமகனின் ஜாமை எவனோ களவெடுத்து, பயத்தில் கடலில் எறிந்திருக்கிறான் என்று முடிவுகட்டினேன். களவு போனதுக்கு ஈடாக அந்த வருடம் இருபத்து நான்கு போத்தல் போட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் மட்டும் கேட்டது.

அதுக்குப் பிறகுதான் அவர் தென்னைக்கு மண் வெட்டிப் போட ஆரம்பித்தார். வாத்தியார் மனிதர், பள்ளி விட்டு வந்ததும் மம்பட்டியோடு நிற்பார். அதையும் ஊரெல்லாம் சொன்னேன். தென்னையைச் சுற்றி எறும்பு படைபடையாக வந்தபோது, கண்ணூறு என்று தண்ணீர் ஓதித் தெளித்தேன். வேலைக்காரருக்குப் பாணோடு கொடுக்க அரைத்து வைத்த தேங்காய்ச் சம்பல் அடிக்கடி குறைந்தபோது பூனையைத் திட்டினேன். பூனை சம்பல் தின்னுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை குழியடியில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மகள் சந்தைக்குப் போயிருந்தாள். நடுவில் திரையும் இல்லை, தபால்காரியும் இல்லை. மேசன் போத்தல்களை வரிசையாக அடுக்கி, "முப்பத்தொண்டு. இன்னம் கிடக்கு" என்றார். மருமகன் அவற்றைப் பார்த்தார். பிறகு என் காலடியைப் பார்த்து, இருபத்தாறு வருடத்தில் முதல்தடவையாக என்னோடு கதைத்தார்.

"மாமி, எனக்கு விளாம்பழ மணமே ஒத்துக்காது. முதல் நாள் சொல்லத் தெரியல்ல. மறுகா சொல்ல வழி இல்ல. ஆருக்கும் குடுத்தா உங்கட காதுக்கு வந்திடும்."

நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மருமகனிடம் கதைக்கிற பழக்கம் வாய்க்கு இல்லை.

மகள் வந்ததும் பிடித்தேன். "அவர் வாயே திறக்கல்ல உம்மா. தலையத்தான் ஆட்டினார். நான்தான் நல்லா இரிக்காம் எண்டன். நீங்க திரைக்குப் பின்னால மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிண்டீங்களே, வேறென்ன சொல்ற?"

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். மறுநாள் காலை பார்த்தால், மனிதர் போன வருடத்து ஜாமை எடுத்து வைத்துப் பாணில் தடவித் தின்கிறார். எனக்கு மனம் நொந்துவிட்டதாம், அதுக்குப் பரிகாரமாம். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடுகிறார். கண்ணீர் வழிகிறது. பிரஷர் குளிசை குடிக்கிற மனிதர். இன்றோடு ஏழாவது நாள். மகளிடம் நிறுத்தச் சொல் என்றால், "இனி நான் கதை காவித் திரியமாட்டன். ரெண்டு பேருக்கும் வாய் இரிக்கி" என்கிறாள்.

நேற்றுப் பகல், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, நானும் ஒரு விரலில் தொட்டு வாயில் வைத்தேன். கராம்பு. வேறொன்றுமே இல்லை, கராம்புதான். நாக்கு அரை மணித்தியாலம் மரத்துப் போய்க் கிடந்தது. அந்த மனிதர் நல்லவர் என்று எனக்கு முன்பே தெரியும். எவ்வளவு நல்லவர் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

இப்போது அந்தத் திரை இல்லை. பேத்திக்குப் போன மாதம் வந்த புது மாப்பிள்ளை நேரே குசினிக்குள் வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, "மூத்தம்மா, இதுல கராம்பு கூடிப்போச்சி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறான். நல்லதுதான். அவன் ஒரு போத்தலும் புதைக்க மாட்டான். ஆனால் என் மனம் நோகக்கூடாது என்று இத்தனை வருடம் மண் வெட்ட இனி ஒருவர் எனக்கு எங்கே கிடைப்பார்? இந்த வருடம் வந்த சாக்கை அவிழ்க்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன். நாளை காலை பாணும் சம்பலும். பூனைக்கும் சேர்த்து அரைப்பேன்.

இஞ்ச வா என்ட பேத்திப் புள்ள, எழுதி முடிச்சிட்டன். இத முதல் வரியில இரிந்து வாசி. எனக்குக் காது நல்லாக் கேக்கும், எண்டாலும் சத்தமா வாசி. உன்ட வாப்பா அங்கால பாணோட இரிக்கார். அவர் போத்தல மூடுற சத்தம் கேக்கிற வரைக்கும் நிப்பாட்டாத.