வாறேன் என்றுதான் சொன்னேன்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், ஆளாளுக்குக் கடந்துபோன ஆண்டைத் திரும்பிப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஏற்றம் என்ன, இறக்கம் என்ன, கற்ற பாடம் என்ன என்று ஒரே பேச்சு. எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. காலண்டர் அச்சடிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு வருஷத்தின் மேல் என்ன பெரிய மரியாதை இருக்க முடியும்? சிவகாசியில் அடுத்த வருஷம் ஆடிப்பெருக்கு அன்றே பிறந்துவிடும். அன்றைக்குத்தான் புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவோம். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போவார்கள். நீங்கள் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும்போது எங்களுக்கு அந்த வருஷம் பழசாகி, கழிவுக் காகிதமாகக் குடோனில் கிடக்கும்.

ஆனாலும் ஒரு வருஷத்தை மட்டும் நான் கிழித்துப் போடவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் ஏறத் தொடங்கியிருந்த சமயம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறிவிட்டது, மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய்.

அச்சகம் அப்பா தொடங்கியது. போர்டில் அப்பா பெயரும் அதன் பின்னால் 'அன் கோ' என்றும் இருக்கும். அந்தக் 'கோ' நான்தான். அப்பா போன பிறகு மெஷின், காகிதம், ஏஜெண்டுகள் எல்லாம் அண்ணன் பொறுப்பு. புரூஃப் என் பொறுப்பு. தினமும் கிழிக்கிற காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பிசகாமல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்த்து ஒரு காரியமும் நடந்ததில்லை. ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது ராகுகாலம்தான். ஆலயத்துக்குப் போகிற வழியில்கூட அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார்.

என்னை விருதுநகரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் பஸ் ஏறி, ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போய், சாயங்காலம் திரும்புவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பட்டாசுக் கம்பெனிப் பெண்களின் விரலில் வெள்ளி மருந்து ஒட்டியிருக்கும், என் விரலில் அச்சு மை. இந்த மையோடுதான் எனக்குப் பாதி ஆயுள் போனது.

அந்த வருஷம் நன்றாகத்தான் தொடங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். நர்சிங் முடித்த என் மகளுக்கு மதுரையில் நல்ல ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அச்சகத்துக்கு நாலு கலர் மெஷின் வந்தது. காரியாபட்டிப் பக்கம் அதுவரை எங்களைத் திரும்பிப் பார்க்காத கடைக்காரர்கள்கூட ஆர்டர் கொடுத்தார்கள். மெஷின் ஓடத் தொடங்கிய அன்று அம்மா அதன் மேல் கையை வைத்து ஜெபம் செய்தாள். கண்ணைத் திறந்ததும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ரெண்டு பேரும் இப்படியே இருங்க என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவை இன்று நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பிறகு அண்ணன் மகன் வந்து சேர்ந்தான். கோயம்புத்தூரில் மேனேஜ்மெண்ட் படித்தவன். வந்த நாளிலிருந்து அச்சகத்தில் நடப்பது எதுவும் சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. டீ குடிக்கிற நேரம் சரியில்லை, போர்டு சரியில்லை, அத்தை சரியில்லை. முதல் இரண்டையும் வாய்விட்டுச் சொன்னான். மூன்றாவதைத் தன் அப்பாவிடம், அதாவது அண்ணனிடம், மட்டும் சொன்னான் என்று பிறகு தெரிந்தது.

ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் வெளிவந்தது. அட்டையைப் பார்த்தேன். அப்பா பெயருக்குப் பின்னால் 'அன் சன்ஸ்' என்று போட்டிருந்தது. அச்சகத்திலிருந்து வெளியே போன ஒரு தாள் என் கண்ணில் படாமல் போனது அதுதான் முதல் தடவை. அண்ணனிடம் கேட்டேன். மரியாதைக்காக அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். புரூஃப் பார்த்தவள், கோபத்திலும் விகுதி மாறக் கூடாது. அதெல்லாம் டிசைன்காரன் போட்டது, பார்க்க எடுப்பாக இருக்கிறதே என்றார். அப்பாவுக்கு ஒரே ஒரு மகன்தான், 'சன்ஸ்' என்றால் இன்னொருவர் யார் என்று கேட்டேன். அவர் ஏஜெண்டுகளுக்கு லட்டு கொடுக்கப் போய்விட்டார்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு எங்கள் வேலையாட்கள் எல்லோரும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடுவார்கள், அச்சகத்துக்கு விடுமுறை. மறுநாள் காலை நான் போனபோது ஜன்னலோரத்தில் என் மேஜை இல்லை. அப்பா எனக்காக வெளிச்சம் பார்த்துப் போட்டுக் கொடுத்த மேஜை அது. அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. மேஜையைத் தேடினால் குடோனில் கிடந்தது. அதன் மேல் பழைய காலண்டர் அட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

"அத்தை, இனிமே புரூஃப் எல்லாம் சிஸ்டத்துலயே பாத்துக்கிடுவோம். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான் மருமகன்.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே, "எம்புட்டு நாளைக்குத்தான் பஸ்ல அலைவ பாப்பா? மாசாமாசம் உனக்கு வர்றது வந்துரும்" என்றார். நாற்பது வயது தாண்டியும் நான் அவருக்குப் பாப்பாதான். என் மேஜையை எடுக்க என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாத அளவுக்குப் பாப்பா.

சண்டை போட்டிருக்கலாம். மெஷின் ஓடுகிற சத்தத்தில், வேலையாட்கள் முன்னால், குரல் எடுக்க எனக்குக் கூசியது. குடையையும் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்று, "வாறேண்ணே" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. எந்த வாசலிலிருந்து இறங்கினாலும் வாய் தானாகச் சொல்கிற வார்த்தை அது.

சொல்லாமல் இருக்க முடியாதபடி அம்மா எங்களை வளர்த்திருந்தாள். யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது. போகிறேன் என்று சொல்வது செத்தவர்களின் பேச்சு, திரும்பி வருகிறவர்கள் வாறேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதைத் தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் சொல்வதோடு நிற்காமல் வாயிலேயே அடி விழும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணன் ஒரு தடவை 'போறேன்மா' என்று கத்திக்கொண்டு ஓட, அவரைத் தெருமுனையிலிருந்து திரும்பக் கூட்டிவந்து, வாறேன் என்று சொல்ல வைத்து அனுப்பினாள். ஆக, அந்த வார்த்தையின் கனம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்துதான் செய்தார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய், பாப்பா கோபித்துக்கொண்டு 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மேஜையைப் பற்றி மூச்சு விடவில்லை. அம்மா அவர் வீட்டில்தான் இருந்தாள். நான் வேலையை விட்டதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அப்பாவின் அச்சக வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னதை அவளால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அவளைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "போறேன்னு சொல்லிட்டுப் போனவ எதுக்கு வந்த?" என்றாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். அவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பொய் சொல்லக் காரணம் வேண்டுமாம்; நான் பொய் சொல்வேன் என்று நம்பக் காரணமே வேண்டாமாம். பிறகு மேஜையைப் பற்றி அவளிடம் சொல்லக்கூட எனக்கு மனசு வரவில்லை. வாறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். அவள் திரும்பிப் படுக்கவில்லை.

அந்த ஆண்டின் இறக்கம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். வேலை போனதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. விருதுநகரில் திருமணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் இரண்டு பேர் என்னைத் தேடிவந்து புரூஃப் வேலை கொடுத்தார்கள், கௌரவமாகவும் நடத்தினார்கள். ஆனால் தீபாவளி சீசன் போனது, மழை போனது, கிறிஸ்துமஸும் வந்துவிட்டது. வருஷா வருஷம் என் வீட்டுக்கு வந்து முறுக்கு சுட்டுக் கொடுக்கிற அம்மா வரவில்லை. மகள் மதுரையிலிருந்து வந்து, ஆச்சி எங்கே என்று கேட்டாள். நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

டிசம்பர் கடைசி ஞாயிறு எங்கள் சொந்த ஆலயமான சிவகாசி ஆலயத்தில் ஸ்தோத்திர ஆராதனை. அந்த வருஷமும் நானும் என் கணவரும் போனோம். அந்த வருஷம் கர்த்தர் செய்த நன்மைகளை, விருப்பப்பட்டவர்கள் மைக்கில் வந்து சொல்லலாம். இதற்கு எங்கள் சபையில் 'சாட்சி' என்று பெயர். கோர்ட்டில் சொல்வதும் சாட்சிதான். ஆனால் கோர்ட்டில் குறுக்கு விசாரணை உண்டு, ஆலயத்தில் கிடையாது. வருஷாவருஷம் பார்த்திருக்கிறேன்: வியாபாரத்தில் கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், ஆசீர்வாதம் வந்தது என்பார்கள். கஷ்டத்தில் யாரைத் தள்ளிவிட்டுத் தப்பித்தார்கள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்வரிசையில் அம்மா. ஆராதனை முடிந்து சபை முழுவதும் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம் அன்று அண்ணன் உபயம். அதனால் அவருக்குத்தான் முதல் சாட்சி. புது மெஷினுக்கு நன்றி சொன்னார். மகன் தொழிலுக்கு வந்ததற்கு நன்றி சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஆமென் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்த வருஷம் தன் தங்கை போறேன் என்று சொல்லி அச்சகத்தை விட்டுப் போய்விட்டதாகவும், அந்த வேதனையிலும் கர்த்தர் தன்னைத் தாங்கியதாகவும் சொன்னார். சபை உச்சுக்கொட்டியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

என் கணவர் ஆண்கள் பக்கத்திலிருந்து கையால் உட்காரச் சொன்னார். நான் நேரே மைக்குக்குப் போனேன். "எங்க அண்ணன் சாட்சி சொன்னாக. நானும் சாட்சிதான், நானும் அங்கன இருந்தேன். அன்னைக்குக் காலையில என் மேஜை குடோன்ல கெடந்துச்சு. நான் போறேன்னு சொல்லல" என்றேன். அதற்குள் போதகர் பாடகர் குழுவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஆர்மோனியம் கிளம்பியது. சபை முழுக்க எழுந்து நின்று துதிப்பாட்டுப் பாடியது. அதற்குப் பிறகு மைக்கில் என் வாய் அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள், நான் சொன்ன மிச்சத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பொம்பளையின் வாயை அடைக்க இவ்வளவு அழகான ராகம் தேவைப்பட்டிருக்கிறது.

இறங்கி நடந்தபோது அம்மாவைப் பார்த்தேன். எந்தப் பாட்டுக்கும் புத்தகத்தைத் திறக்காமல் பாடுகிறவள். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அசனத்தில் சாப்பிடாமல் போய்விடலாம் என்றார் என் கணவர். நான் மாட்டேன் என்றேன். தப்புச் செய்தவள்தான் பசியோடு போக வேண்டும். பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் இலை போட்டிருந்தது, ஒருவரும் வந்து உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். அண்ணன் கறிக்குழம்பு வாளியோடு வரிசையில் பரிமாறிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். அவர் எதிரே வந்து நிற்கிறவரை அம்மா காத்திருந்தாள்.

"பாட்டுல கேக்கலத்தா. மிச்சத்தைச் சொல்லு. என்னன்னு சொல்லிட்டுப் போன?"

"வாறேன்னுதாம்மா சொன்னேன். வாசல்ல நின்னு, வாறேண்ணேன்னு சொன்னேன்."

அம்மா தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள்.  இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பாள். அவளுக்கு மகன் மேல் அவ்வளவு ஆசை. அவர் கரண்டியை வாளிக்குள் விட்டுக் கிண்டிக்கொண்டு, "கொளம்பு ஊத்தட்டுமாம்மா?" என்றார்.

அம்மா இலையை மூடினாள். சோற்றில் கையே வைக்கவில்லை. தரையில் கையை ஊன்றி எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். உடுத்தியிருந்த சேலையைத் தவிர அவள் கையில் ஒரு பைகூட இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி அண்ணனிடம் சொன்னாள்.

"ஏலே, நான் போறேன்."

என் பிறப்பில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நாங்கள் தெருவுக்கு வந்த பிறகும் அண்ணன் வாளியைக் கீழே வைக்காமல் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அம்மா, வாறேன்னு சொல்லிட்டுப் போம்மா" என்றார்.

அம்மா அடுத்த விருதுநகர் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள்.