அம்மா தட்டிய கதவு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அம்மா என்னை யாருக்கோ கொடுத்துவிடப் போகிறார் என்று சில நாட்கள் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குச் சிறுவர் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றில் வேலை. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளை எடுத்து வேறு வீடுகளில் சேர்ப்பார். வகுப்பில் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிவேன். அப்போது வோபர்ன் என்ற இடத்தில் ஒரு தொடர்மாடி வீட்டில் சித்தி குடும்பத்தோடு ஒன்றாக இருந்தோம். பிள்ளைகள் எல்லோருக்கும் ஹோலில்தான் மெத்தை. யாருடைய கால் யார் முகத்தில் என்பது விடிந்தால்தான் தெரியும்.

அந்த வாரம், நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டின் பூர்வகுடிக் குடும்பங்களோடு எப்படிப் பழகுவது என்று அலுவலகத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். நடத்தியவர் ஒரு பூர்வகுடிப் பெண். இத்தனை வருட வேலைக்குப் பிறகு இனி என்ன படிக்கக் கிடக்கிறது என்று சலித்துக்கொண்டுதான் அம்மா போனார். திரும்பி வந்தவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு யன்னலடியில் போய் நின்றார். அடிப்பிடித்த மணத்துக்குச் சித்திதான் ஓடி வந்தார். நாங்கள் மெத்தை விரிப்பதை அம்மா புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் காரில் கேட்டார்.

"நானும் அப்பாவும் இல்லாட்டி நீ ஆரோட இருப்பாய்?"

"சித்தியோட."

"சித்தியிட்ட உனக்கெண்டு ஒரு அறை இல்லையே."

"இப்பவும் இல்லைத்தானே."

அம்மா காரை ஓரமாக நிறுத்திவிட்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: எனக்கு எங்கேயோ ஒரு அறை பார்த்துவிட்டார்கள். அன்று பின்னேரமே பள்ளிக்கூடப் பையில் பல் விளக்கும் பிரஷையும் நீச்சல் உடுப்பையும் எடுத்து வைத்தேன். போகிற வீட்டில் நீச்சல் குளம் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை.

சனிக்கிழமை குசினியில் சமைத்துக்கொண்டே அம்மா அப்பாவிடம் கதைத்தது காதில் விழுந்த பிறகுதான், விஷயம் என்னைப் பற்றியதல்ல என்று தெரிந்தது. அது தாய் நோயில் விழுந்த இரண்டு பூர்வகுடிப் பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளைகளின் பெரியம்மா தானே வைத்திருக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் ஆட்கள் அதிகம், றூல்படி பிள்ளைகளுக்கு இருக்கவேண்டிய தனி அறை இல்லை. கேள்விகளுக்கெல்லாம் பெரியம்மா நிலத்தைப் பார்த்தபடி ஒரு சொல், இரண்டு சொல்தான் பேசினாராம். எதையோ ஒளிக்கிறார் என்று முடிவுகட்டிய அம்மா, பயிற்சிக்கு முன்பே பிள்ளைகளைப் பிறம்ரன் என்ற வேறு ஊரில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் விட்டிருந்தார். பயிற்சி நடத்திய பெண்ணோ, தன் தாயைச் சிறு வயதில் அரசாங்க ஆட்கள் வந்து வீட்டாரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன கதையைச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட வீடுகளில், கதவைத் தட்டும் ஆபீஸ்காரருக்கு முன்னால் யார் வாய் திறப்பார்கள்?

றூல் அப்படித்தானே, நீ என்ன செய்வது என்றார் அப்பா.

"றூல்தான். ஆனா கதவைத் தட்டினது நான்."

அதன் பிறகு அம்மா மேலதிகாரியோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார். பெரியம்மாவிடம் திரும்பவும் போய், இந்த முறை அவர் பேசும்வரை காத்திருந்தார். முதல் பனி விழுந்த கிழமை, அம்மாவே பிறம்ரனுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பெரியம்மாவிடம் விட்டார். வீட்டுக்கு வந்தவர் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். அவர்கள் நன்றி சொன்னார்களா என்று கேட்டேன்.

"இல்லை. சின்னவள் வழி முழுக்க ஒண்டும் கதைக்கேல்லை. இறங்கின உடனை பெரியம்மாக்குப் பின்னால போய் ஒளிச்சிட்டாள்."

மரியாதை தெரியாத பிள்ளை என்றேன் நான். அப்படிச் சொல்லாதே என்றார் அம்மா. சொந்தப் பெரியம்மாவிடம் கொண்டுவந்து விட்ட என் அம்மாவைக் கண்டு ஒரு பிள்ளை ஏன் ஒளிக்க வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.