கூடையின் நடுவில் வைத்தது

அம்மாவின் நினைவு ஆராதனையில் என்னைப் பேச அழைத்தார்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் சொற்போர்க் கோப்பைகள் வென்றவள் நான். மேடை எனக்கு அச்சம் தந்ததில்லை. ஆயினும் அன்று ஒரு வேதவசனத்தை வாசித்துவிட்டு அமர்ந்துவிட்டேன். நான் சொல்ல விரும்பியது ஒரு சனிக்கிழமையைப் பற்றியது. அதில் எனக்குப் பெருமை இல்லை.

தலைநகரின் மயூர் விஹாரில் எங்கள் வீடு. அம்மா மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். அப்பாவின் சர்க்கரை மாத்திரைகள், எங்கள் டிபன் டப்பாக்கள், ஞாயிறு ஆராதனை இவற்றோடு அவருக்கு இன்னொரு கடமையும் இருந்தது. சனிக்கிழமைதோறும் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போவார். இந்தி அறியாத தமிழ் நோயாளிகளுக்கு மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வார். அவருடைய இந்தி தட்டுத்தடுமாறி நடக்கும். நான் அதைப் பேசிக்காட்டிச் சிரிப்பேன்; அவரும் சிரிப்பார்.

கல்லூரி மாணவியாயிருந்த நான் அந்தச் சனிக்கிழமை துணைக்குப் போயிருந்தேன். ஒரு மூதாட்டியை அம்மா ஸ்கேன் அறைக்கு அழைத்துச் செல்லவிருந்த நேரத்தில், தொண்டைப் பிரிவில் அம்மா உதவவிருந்த இன்னொரு நோயாளியின் எண்ணையும் அழைத்துவிட்டார்கள்.

“ஏட்டி, நீ போயி அவரு கூட இரு. டாக்டர் சொல்லுதத அப்படியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத.”

“எனக்கா சொல்லித் தாரீங்க?” என்றேன்.

நோயாளி தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுபவர். குருகிராமில் வேலை பார்க்கும் மகன் அந்த வாரம் வெளிநாட்டில் இருந்ததால் மனைவியோடு வந்திருந்தார். மருத்துவர் விரைவாகச் சொன்னார்: குரல்வளையில் புற்று, அதை முழுவதுமாக எடுக்க வேண்டும். இனிக் கழுத்தில் இடும் துளை வழியாகத்தான் மூச்சு. இயல்பான குரல் திரும்பாது. செய்துகொண்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் ஓராண்டுக்கே உறுதியில்லை.

அந்த மனிதர் பிழைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்பினேன். எதிரணிக்கு உதவக்கூடிய செய்தியைப் பேச்சின் நடுவில் வைத்து வேகமாகக் கடந்துவிட வேண்டும் என்பது எங்கள் சொற்போர்ப் பயிற்சியில் பாலபாடம். உயிரில் தொடங்கினேன், உயிரில் முடித்தேன். நடுவில், “பேச்சு கொஞ்சம் மாறும், அதுக்குப் பயிற்சியெல்லாம் இருக்கு” என்றேன். அவர் முகம் தெளிந்தது. சம்மதப் படிவத்தை மருத்துவர் நீட்ட, அவர் பேனாவைத் திறந்தார்.

அப்போது அம்மா உள்ளே வந்தார். கையெழுத்துக்கு முன் எல்லோரிடமும் அவர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. “அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வெளங்குச்சுன்னு எங்கிட்டச் சொல்லுங்க.”

“ஆப்பரேசன் பண்ணிட்டா உசுருக்குப் பயமில்ல. தொண்டை ஆறினதும் ஏலத்துக்குப் போயிரலாம். பாப்பா வெவரமாச் சொல்லிச்சு.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மருத்துவரிடம் திரும்பி, தம் உடைந்த இந்தியில், குரல் வருமா என்று மட்டும் கேட்டார். வராது என்று அவர் தலையசைத்தார்.

“கொரல் போயிரும் அண்ணாச்சி. திரும்ப வராது” என்றார் அம்மா.

பேனா மூடிக்கொண்டது. “ஆண்டிஜி, ஜல்தி” என்று அவசரப்படுத்தினார் மருத்துவர். புதன்கிழமை மாலைக்குள் கையெழுத்து வராவிட்டால் அறுவைக்கான முறை வேறொருவருக்குப் போய்விடும் என்றும் எச்சரித்தார். ஏலக்காரர் மனைவியை அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

மெட்ரோவில் நான் வெடித்தேன். “அவர் செத்துட்டா? நான் சம்மதிக்க வச்சிட்டேன், நீங்க கெடுத்துட்டீங்க!”

“செத்துட்டாருன்னா எனக்கு எப்பமும் மனசு உறுத்திக்கிட்டுதான் இருக்கும். அதுக்காக ஒளிச்சுச் சொல்ல எனக்கு வரலட்டி, என்ன செய்ய?”

அன்று மாலையிலிருந்து அம்மா உபவாசம் இருந்தார். எங்களுக்குச் சோறும் குழம்பும் வழக்கம்போல் வந்தன. அவர் தட்டு மட்டும் கவிழ்ந்தே கிடந்தது. அம்மா அழைத்தபோதெல்லாம் அந்தத் தம்பதியின் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. செவ்வாய்க்கிழமை அடுக்களையில் என்னிடம், “நான் சொன்ன வெதம் தப்போ? உக்கார வச்சு, பைய எடுத்துச் சொல்லிருக்கலாமோ?” என்று கேட்டார்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். நானும் கல்லூரிக்குப் போகாமல் உடன் சென்றேன். நண்பகல் கழிந்தது. மூன்று மணியும் கழிந்தது. அம்மாவின் உதடுகள் ஜெபத்தில் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. மருத்துவரின் அறைக்கு வெளியே வரிசை கரைந்து நாலைந்து பேராகச் சுருங்கியபோது, படியேறி அவர்கள் வந்தார்கள்.

ஏலக்காரர் அம்மாவைத் தாண்டி என்னிடம் வந்தார்.

“பாப்பா வக்கீலுக்குப் படிக்கியோ?” கரகரத்த குரலில் சிரிப்பும் இருந்தது, கோபமும் இருந்தது. “கெட்ட மீன நடுக்கூடையில வச்சு ஏலம் விடுத ஆள் எத்தனையோ பாத்திருக்கேன். நானே விட்டிருக்கேன். எங்கிட்டயே வித்துட்டியே!”

“சும்மா இரிங்க, சின்னப்புள்ள” என்றார் மனைவி.

“இல்ல, அது சொல்லட்டும். இப்பம் கூடையக் கவுத்துக் காட்டு தாயி. மொதல்லேருந்து.”

நான் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு தடுமாறிப் பேசியதில்லை. கழுத்துத் துளையைச் சொன்னேன். குரல் போய்விடும், திரும்பாது, ஏலம் கூற முடியாது என்றேன். அம்மா சுவரோரம் நின்றார். ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்கவில்லை.

அவர் கேட்டு முடித்தார். “மூணு நாளா ஊருல ஒருத்தர் விடாம போன்ல பேசிட்டேன். பேரப்பிள்ளைக்கு ஏலம் போட்டுக் காட்டினேன். இனிப் போதும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கையெழுத்திட்டார்.

அவர் தேறி ஊர் திரும்பியது பின்னால் நடந்தது. அன்று நான் பார்த்தது இவ்வளவே: அறைக்கதவு மூடியதும் அம்மா பெஞ்சில் அமர்ந்து, பையிலிருந்து நோயாளிகளுக்காக வைத்திருக்கும் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார். நாலு நாள் உபவாசத்தில் தளர்ந்த விரல்களுக்கு அது பிரியவில்லை. நான் வாங்கிப் பிரித்துக் கொடுத்தேன்.