நிற்காத நீலம்

மகன் கட்டும் வீட்டுக்காகப் பெயிண்ட் கடையிலிருந்து நிற அட்டை வாங்கி வந்திருக்கிறான். நீலத்துக்கு மட்டும் ஒரு பக்கம் முழுக்கச் சதுரங்கள். "எதுங்கப்பா புடிச்சிருக்கு?" என்றான். என் விரல் ஒரு கருநீலத்தில் நின்றுவிட்டது. என்னை ஏமாற்றிய நீலம் அது.

எழுபதுகளின் கடைசியில் நாகலூர்ப் பக்கம் மலையில், காப்பி எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தோம். நிறம் என்றால் கைக்கு எட்டியதுதான். சுவருக்குச் சுண்ணாம்பு, அடியில் பட்டை போடச் செம்மண், கிறிஸ்துமஸ் குடிலின் பாறைக்கு விளக்குக் கரி, புல்லுக்குக் காப்பி இலைச் சாறு. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் குடிலுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் புல் பழுத்துவிடும்! நீலம் வேண்டுமானால் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடி. எங்கள் மூத்த மகள் ரோசி அதில் விரலைத் தோய்த்துக் கதவெல்லாம் பொட்டு வைப்பாள். ஐந்து வயதில், காய்ச்சலில், ஆண்டவர் அவளை அழைத்துக்கொண்டார்.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு கல்லறைக்கு வெள்ளையடித்துப் பேரைப் புதிதாக எழுதுவது எங்கள் வழக்கம். "ஏனுங்க, அவ பேர நீலத்துல எழுதுங்க. துணி நீலமே போதும்" என்றாள் என் மனைவி செலின். எனக்கோ அது வெளிறிப்போனதாகப் பட்டது. பிள்ளைக்குச் செய்ய வேறு என்ன மிச்சம் இருந்தது? பஸ் ஏறிச் சேலம் போய், மாதாவின் மேலாடை மாதிரி ஆழமான நீலப்பொடி வாங்கி வந்தேன். சுண்ணாம்பில் குழைத்து எழுதினேன். எட்டாவது படித்தவனின் கையெழுத்து, அன்று எனக்கே அழகாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு போனால், நீலத்தைக் காணோம். பழுப்பாக ஒரு கறை.

"எம்புள்ள பேரு துருப்புடிச்சுப் போச்சுங்களே!" என்று உட்கார்ந்துவிட்டாள் செலின்.

கொத்தனாரான அவள் தம்பி சுரண்டிப் பார்த்தான். "சுண்ணாம்பு தின்னுபோட்டுதுங்க மாமா. துணி நீலம்னா நின்னிருக்கும். சேலம் வரைக்கும் போனீங்களே, என்னைய ஒரு வார்த்த கேக்கக்கூடாதுங்களா?"

பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். செலின் எழுந்து ஓடி, ரோட்டோர மேட்டிலிருந்து மழையில் நனைந்த செம்மண் ஒரு கைப்பிடி அள்ளி வந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. என் பழுப்புக் கறையின் மேலேயே விரலை இழுத்துக்கொண்டு போனாள். தீர்த்தம் மேலே விழுந்தபோது அவள் விரல் கடைசி எழுத்தில் இருந்தது.

அந்தச் சிவப்பு அடுத்த திருநாள் வரைக்கும் நின்றது. அப்புறம் வருஷா வருஷம் செம்மண்தான், அவள் கைதான்.

"வெள்ளையே இருக்கட்டும் சாமி" என்று மகனிடம் அட்டையைக் கொடுத்துவிட்டேன்.

செம்மண் எடுத்த அந்த மேட்டை இப்போது சிமெண்ட் சுவர் மூடிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல், ரோசி இருந்த வரிசையில் வேறு யார் யாரையோ அடக்கம் செய்து டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அந்த டைல்ஸுக்கு நடுவே ரோசியின் இடத்தை அடி பிசகாமல் காட்டக்கூடியவள் செலின் ஒருத்திதான். அவளும் போய் இரண்டு திருநாள் ஆகிவிட்டது. திருநாள் வந்தால், ரோசிக்கான மெழுகுவர்த்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.